பனியன் துணி சாம்பிளைப் பிரித்துப் படிப்பது எப்படி: துண்டுத் துணியிலிருந்து நிட்டிங் புரோகிராம் வரை

பையர் அனுப்பிய ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி ஓட்டணும், புரோகிராம் போடுங்க" (அதாவது நிட்டிங் மெஷினுக்கான விவரக் குறிப்பு எழுதுங்கள்) என்று சொன்னால், திருப்பூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பார்க்கும் கட்டரைத்தான். வட்டமாக வெட்டி, எடை போட்டு, 180 என்று வந்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியிலும் வரும், லக்கோஸ்டிலும் வரும், இன்டர்லாக்கிலும் வரும், மூன்றும் வெவ்வேறு பின்னல் வகைகள். அந்த ஒரு எண்ணை மட்டும் நிட்டிங்காரரிடம் கொடுத்தால் அவரால் மெஷினில் ஒன்றும் செய்ய முடியாது.

துணியின் அமைப்பு, லூப் லென்த் (ஒரு லூப்பில் இருக்கும் நூலின் நீளம்), நூல் கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண், எண் கூடினால் நூல் மெலியும்) ஆகிய மூன்றோடு ஒரு இன்ச்சில் உள்ள லூப் எண்ணிக்கையும் தெரிந்துவிட்டால் எடை தானாகவே கணக்கில் வந்துவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

1. உட்காரும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

20 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவாவது துணி வேண்டும், அதுவும் தையல், பிரிண்ட், கரை எதுவும் படாத இடமாக. ஆடையாகவே வந்திருந்தால் முதுகுப் பக்கத்தை எடுங்கள், பெரும்பாலும் அதுதான் பெரிய வெறும் பரப்பு.

ஒரு இன்ச் கவுண்டிங் கிளாஸ் (லூப் எண்ணும் பூதக்கண்ணாடி), குண்டூசி, கத்தரிக்கோல், செ.மீ. ஸ்கேல், கட்டம் போட்ட தாள், பென்சில், ஜி.எஸ்.எம். கட்டர். வெள்ளைத் துணிக்குக் கறுப்பு அட்டை, அடர்நிறத் துணிக்கு வெள்ளை அட்டை அடியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லூப் கண்ணுக்குப் பிடிபடாது.

தராசு விஷயத்தில் மட்டும் சமாளிக்க வேண்டாம். துணியை எடை போட 0.01 கிராம் காட்டும் தராசு போதும். ஆனால் உருவிய நூலின் எடை 0.2 கிராம் அளவில்தான் இருக்கும், அதற்கு 0.001 காட்டும் தராசு தேவை. 0.01 தராசில் 0.19-க்கும் 0.20-க்கும் நடுவே எது வந்தாலும் தெரியாது, கவுண்டில் ஒன்றரை அளவு அதிலேயே போய்விடும்.

2. முதலில் ஒரு துண்டை வெட்டி ஒதுக்குங்கள், மீதியை விரித்து விடுங்கள்

ஆராய்கிற வேலையில் துணி அழிந்துவிடும். கடைசியில் துணி கையில் இல்லாமல், "நிட்டிங் வந்துருச்சு, ஒரிஜினல் எங்கே?" என்ற கேள்வி வரும்போது முழிக்க வேண்டாம். அதனால் ஒரு துண்டை வெட்டி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, அட்டையில் ஒட்டி வைத்துவிடுங்கள். அதை யாரும் தொடக்கூடாது.

மீதித் துணியை சமமான மேசையில், எந்தப் பக்கமும் இழுக்காமல் விரித்து ஒரு இரவு விடுங்கள். கூரியர் கவரில் மடங்கி அழுந்தி வந்த துணி தன் சொந்த அளவில் இருக்காது. பின்னல் துணியில் நூல் வளைந்து வளைந்து நிற்பதால் கொஞ்சம் இழுபட்டாலும் லூப்பின் வடிவம் மாறிவிடும். அந்த நிலையில் எண்ணினால் கோர்ஸ் (குறுக்கு லூப் வரிசை) குறைந்தும் வேல் (நெடுக்கு லூப் வரிசை) கூடியும் வரும், அல்லது அதற்கு நேர்மாறாக வரும். ஈரமான இடம், ஸ்டீம் அயர்ன் போடும் இடம் இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். பருத்தி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எடை கூடிவிடும்.

3. எது முன்பக்கம், எது மேல்முனை

சிங்கிள் ஜெர்சியில் முன்பக்கம் சடை பின்னினதுபோல ‘வி’ வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வரிசையாக ஏறிப் போகும். நெடுக்காகப் போகும் அந்த வரிசைதான் வேல். பின்பக்கம் சின்னச் சின்ன அரைவட்டங்கள் குறுக்காக ஓடும். குறுக்காகப் போகும் வரிசை கோர்ஸ்.

ஒரு எச்சரிக்கை: மெஷினின் முன்பக்கமும் ஆடையின் வெளிப்பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. போலோ டி-ஷர்ட்டில் நாம் வெளியே பார்க்கும் தேன்கூடு மாதிரியான பக்கம், லக்கோஸ்ட் துணியின் பின்பக்கம். இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

மேல்முனையைக் கண்டுபிடிக்க ‘வி’யைப் பாருங்கள். ‘வி’ திறந்திருக்கும் பக்கம் கடைசியாகப் பின்னிய பக்கம், கூர் இருக்கும் பக்கம் முதலில் பின்னிய பக்கம். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நூல் ஒழுங்காக உருவி வருவது கடைசியாகப் பின்னிய முனையிலிருந்துதான். ரிப், இன்டர்லாக் துணிகளை அடிமுனையிலிருந்து உருவ முயன்றால் நூல் சிக்கி நின்றுவிடும். பலர் அங்கேயே நூலைப் பிய்த்து எடுத்து, அதற்குப் பின் வரும் எல்லா அளவுகளையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

4. சிங்கிளா டபுளா: ஓரத்தை மட்டும் இழுத்துப் பாருங்கள்

முழுத் துணியையும் இழுக்காதீர்கள், ஒரு மூலையில் இரண்டு விரல் அகலம் போதும். நடுப்பகுதி எண்ணுவதற்காகக் கலையாமல் இருக்க வேண்டும்.

சிங்கிள் ஜெர்சி என்றால் வெட்டிய ஓரம் சுருளும். பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகச் சுருளும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகச் சுருளும். ஒரே வரிசை ஊசியில், அதாவது சிலிண்டர் ஊசியில் மட்டும் பின்னியதால் எல்லா லூப்பும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது, அந்த இழுவிசையைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லை.

ஓரம் சுருளவில்லை, இரண்டு பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கிறது என்றால் அது டபுள் துணி, அதாவது இரண்டு வரிசை ஊசியில் பின்னியது. ரிப்பா, இன்டர்லாக்கா என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். அகலவாக்கில் இழுத்துக் கவுண்டிங் கிளாஸில் பாருங்கள். இரண்டு வேலுக்கு நடுவில் பின்பக்கத்து வேல் எட்டிப் பார்த்தால் 1×1 ரிப். எவ்வளவு இழுத்தாலும் நடுவில் ஒன்றும் தெரியாமல் முன் வேலும் பின் வேலும் நேருக்கு நேர் நின்றால் இன்டர்லாக். கையிலேயே கூட ஓரளவு தெரியும்: ரிப் அகலத்தில் தாராளமாகக் கொடுக்கும், இன்டர்லாக் இறுக்கமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும்.

பின்பக்கம் நீளமான நூல்கள் மிதக்கிற மாதிரி கிடந்தால் லூப்நிட். அதே நூல்கள் பிரஷ் செய்யப்பட்டுப் பஞ்சாக இருந்தால் ஃபிளீஸ்.

5. உருவும் முன் எண்ணி முடியுங்கள்

கலையாத நடுப்பகுதியில் கவுண்டிங் கிளாஸை வைத்து, ஒரு இன்ச்சுக்கு எத்தனை வேல், எத்தனை கோர்ஸ் என்று ஐந்து வெவ்வேறு இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். முன்பக்கத்திலேயே எண்ணுங்கள், பின்பக்கத்தில் அரைவட்டம் ஒன்றா இரண்டா என்று கண் ஏமாறும். குண்டூசி முனையால் ஒவ்வொரு லூப்பாகத் தொட்டு எண்ணினால் தவறாது, ஆனால் முனை துணியைத் தள்ளிவிடக் கூடாது.

அப்புறம் அதே இடத்தில் ஜி.எஸ்.எம். கட்டரால் வட்டம் வெட்டி எடை போடுங்கள். கட்டர் வெட்டுவது 100 சதுர செ.மீ., ஆகவே கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். அந்த எண்ணை எழுதி வைத்துவிட்டு இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதன் வேலை 9-ஆம் படியில்.

6. நிட், டக், மிஸ்: நூலை உருவிப் படம் வரைவது

இந்த வேலையின் உயிர் இந்தப் படிதான், அவசரப்படாமல் செய்யுங்கள். வட்டப் பின்னல் மெஷினில் ஒரு ஊசி ஒரு ஃபீடரை, அதாவது நூல் ஊட்டும் இடத்தை, கடக்கும்போது மூன்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

நிட்: ஊசி முழுதாக மேலே ஏறி, பழைய லூப்பைத் தாண்டி, புது நூலைப் பிடித்து, பழையதின் ஊடாக இழுக்கிறது. பழைய லூப் ஊசியை விட்டுக் கழன்றுவிடும்.

டக்: ஊசி பாதிதான் ஏறுகிறது. புது நூலைப் பிடிக்கிறது, ஆனால் பழைய லூப்பும் கழலாமல் ஊசியிலேயே நிற்கிறது. அடுத்த கோர்ஸில் இரண்டையும் சேர்த்துப் பின்னும்.

மிஸ்: ஊசி ஏறவே இல்லை. நூல் அந்த ஊசிக்குப் பின்னால் நேராகக் கடந்து போகிறது.

இந்த மூன்றின் பலனும் துணியில் தெரியும். டக் போட்ட துணி அகலமாகும், தடிக்கும், சின்னக் குழிகள் விழும். மிஸ் போட்ட துணி அகலம் குறுகும், அகலவாக்கில் இழுபடுவதும் குறையும். அதனால் சாம்பிளில் இருக்கும் ஒரு டக்கை மிஸ் என்று தவறாக எழுதிவிட்டால் தோற்றம் மட்டுமல்ல, துணியின் அகலமும் ஜி.எஸ்.எம்.மும் சேர்ந்தே மாறிவிடும்.

சரி, படிக்கும் முறைக்கு வருவோம். துணியின் மேல்முனையை ஒரு வேல் நெடுகவும் ஒரு கோர்ஸ் நெடுகவும் நேராக வெட்டி, உடைந்த நூல்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு முழு நூல் சுத்தமாக உருவி வரும்வரை போங்கள். அடுத்த நூலிலிருந்து ஆரம்பியுங்கள். இடது ஓரத்தில் ஒரு வேலுக்கு அடையாளம் வையுங்கள், அதுதான் உங்கள் முதல் ஊசி. கிளாஸின் கீழே குண்டூசியால் நூலை ஒவ்வொரு வேலாக விடுவித்துக்கொண்டே தாளில் குறியுங்கள்: நிட்டுக்குப் பெருக்கல் குறி, டக்குக்குப் புள்ளி, மிஸ்ஸுக்குக் காலிக் கட்டம்.

லக்கோஸ்டில் இதைப் பார்த்தால் நன்றாகப் புரியும். முதல் நூல் எல்லா வேலிலும் கீழே உள்ள லூப்பின் ஊடாக வந்திருக்கும், எல்லாம் பெருக்கல் குறி. இரண்டாவது நூலை விடுவிக்கும்போது ஒரு வேலில் வழக்கம்போல லூப்புக்குள்ளிருந்து வெளியே வரும், அடுத்த வேலில் எதற்குள்ளும் நுழையாமல் ஒரு நீண்ட லூப்பின் தலைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும், குண்டூசி பட்டதும் தனியாகத் தூக்கிக்கொண்டு வரும். அந்தக் கவிழ்ந்து கிடப்பது டக். அதே வேலில் இருக்கும் அந்த லூப் இரண்டு கோர்ஸ் உயரத்துக்கு நீண்டிருப்பதே அதற்கு அடையாளம். மூன்றாவது நூல் மறுபடி எல்லாம் நிட். நான்காவதில் டக் ஒரு வேல் தள்ளி விழும். இரண்டு வேல், நான்கு கோர்ஸ், அதோடு டிசைன் திரும்பிவிடும்.

ஒரு ரிப்பீட் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், இரண்டாவது ரிப்பீட்டையும் வரைந்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டபுள் லக்கோஸ்டில் டக் கோர்ஸ் அடுத்தடுத்து இரண்டு முறை வரும், பாதியில் நிறுத்தினால் அது சிங்கிளாகத்தான் எழுதப்படும். பெயரை நம்பியும் புரோகிராம் எழுதாதீர்கள். பிக்கே, லக்கோஸ்ட், ஹனிகோம்ப் என்பதையெல்லாம் இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்கிறார்கள். வரைந்த படத்தைக் கொடுத்தால் நிட்டிங் மாஸ்டர் ஊசியை ஏற்றி இறக்கும் கேமை மாற்றிக்கொள்வார், அங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

இன்டர்லாக்கை உருவும்போது ஒன்று கவனியுங்கள்: ஒரு நூல் முன்பக்கத்தில் ஒன்று விட்டு ஒரு வேலில்தான் லூப் போட்டிருக்கும், விட்டுப்போன வேல்களை அடுத்த நூல் நிரப்பும். இரண்டு நூல் சேர்ந்துதான் ஒரு கோர்ஸ். 4-ஆம் படியில் ரிப்பா இன்டர்லாக்கா என்று சந்தேகம் இருந்திருந்தால் இங்கே தீர்ந்துவிடும்.

லைக்ராவும் இந்த இடத்தில்தான் அகப்படும். உருவிய நூலோடு கண்ணாடி மாதிரி மெல்லிய இழை ஒன்று வந்து, விட்டதும் சுருங்கிப் போனால் அது லைக்ரா. எல்லா நூலோடும் வந்தால் ஃபுல் ஃபீடர், ஒன்று விட்டு ஒன்று வந்தால் ஆல்டர்நேட் ஃபீடர். இரண்டுக்கும் விலையும் இழுவையும் வேறு, எழுதாமல் விடாதீர்கள்.

7. லூப் லென்த்

துணியில் சரியாக 100 வேல் எண்ணி, இரண்டு பக்கமும் மார்க் செய்து, அந்த அகலத்துக்கு நேராக வெட்டுங்கள். மேல்முனையிலிருந்து ஒவ்வொரு நூலாக உருவி, சுருள் போகும் அளவுக்கு மட்டும் நீட்டி ஸ்கேலில் அளங்கள். பத்து நூலின் சராசரி எடுத்து 100-ஆல் வகுத்தால் ஒரு லூப்பின் நூல் நீளம் வந்துவிடும்.

இங்கே நடக்கும் தவறு, சுருள் போன பிறகும் இழுப்பது. பருத்தி நூல் கொஞ்சம் நீளும், ஒரு செ.மீ. கூடினாலே லூப் லென்த்தில் 0.1 மி.மீ. ஏறிவிடும், அந்த 0.1 மி.மீ. துணியில் நன்றாகவே தெரியும்.

1×1 ரிப்பில் முன்பக்கம் 50 வேல் எண்ணினாலே 100 லூப், ஏனென்றால் அதே நூல் பின்பக்கமும் 50 லூப் போட்டிருக்கிறது. இன்டர்லாக்கில் முன்பக்கம் 100 வேல் எண்ணினால் ஒரு நூலில் முன்னே 50, பின்னே 50. லக்கோஸ்டில் முழு நிட் கோர்ஸின் நூலையும் டக் கோர்ஸின் நூலையும் கலக்காமல் தனித்தனியாக அளங்கள், மெஷினிலும் அவற்றுக்குத் தனித்தனி செட்டிங்தான்.

8. நூல் கவுண்ட்

அளந்த நூல்களைத் தூக்கி எறியாதீர்கள். 10 மீட்டருக்குக் குறையாமல் சேர்த்து, லைக்ரா இருந்தால் பிரித்துவிட்டு, எடை போடுங்கள். கணக்கு இது: கவுண்ட் = 0.5905 × மீட்டர் ÷ கிராம்.

சாயம் போட்ட துணியிலிருந்து எடுத்த நூல் மில்லில் இருந்த எடையிலேயே இருக்காது, பிளீச்சிங்கில் கொஞ்சம் போயிருக்கும், சாயத்தில் கொஞ்சம் ஏறியிருக்கும். 31.2 என்று வந்தால் அதைப் புரோகிராமில் எழுத முடியாது, மார்க்கெட்டில் கிடைக்கும் பக்கத்துக் கவுண்டான 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நூலை முறுக்கு எதிராகப் பிரித்தும் பாருங்கள். இரண்டு இழையாகப் பிரிந்தால் அது 30 சிங்கிள் இல்லை, 2/60 (60 கவுண்ட் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது). கவுண்ட் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே காட்டும், துணியில் அப்படி இல்லை. என்ன நார் என்பதற்கு ஒரு இழையை எரித்துப் பார்த்தால் ஓரளவு தெரியும்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு சதவீதம் வேண்டுமென்றால் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

9. இப்போது எடையைக் கொண்டு சரிபாருங்கள்

ஜி.எஸ்.எம். = செ.மீ.க்கு வேல் × செ.மீ.க்கு கோர்ஸ் × லூப் லென்த் மி.மீ. × டெக்ஸ் ÷ 100. டெக்ஸ் என்பது 1,000 மீட்டர் நூலின் கிராம் எடை, 590.5-ஐக் கவுண்டால் வகுத்தால் வரும்.

ஒரு வெள்ளை சிங்கிள் ஜெர்சித் துண்டை எடுத்துக்கொள்வோம். இன்ச்சுக்கு 34 வேல், 46 கோர்ஸ். 2.54-ஆல் வகுத்தால் செ.மீ.க்கு 13.4, 18.1. நூறு வேலின் நூல் 28.2 செ.மீ., ஆக லூப் லென்த் 2.82 மி.மீ. நாற்பது நூல் சேர்த்து 11.28 மீட்டர், எடை 0.222 கிராம், ஆகக் கவுண்ட் 30, டெக்ஸ் 19.7. எல்லாம் பெருக்கினால் 134.7. கட்டரில் வெட்டிய வட்டம் 1.37 கிராம், அதாவது 137. இந்த அளவு ஒத்துப்போனால் உங்கள் எண்கள் எல்லாமே நம்பலாம்.

இடைவெளி பத்து பன்னிரண்டைத் தாண்டினால் எங்கோ தப்பு. பெரும்பாலும் கோர்ஸ் எண்ணியதில்தான் இருக்கும், அடுத்து நூலை இழுத்து அளந்ததில். ரிப், இன்டர்லாக் இரண்டுக்கும் முன்பக்கம் மட்டும் எண்ணிப் போட்ட கணக்கை 2-ஆல் பெருக்க மறக்காதீர்கள். கணக்கு சரியாக பாதியாக வந்து நின்றால் காரணம் அதுதான்.

10. மெஷினைத் தேர்ந்தெடுப்பது

இன்ச்சுக்கு 34 வேல் இருப்பதால் 34 கேஜ் (இன்ச்சுக்கு 34 ஊசி) மெஷின் என்று எழுதிவிடக் கூடாது. துணி மெஷினை விட்டு இறங்கியதும் அகலத்தில் சுருங்கும், ஊசி இடைவெளியைவிட வேல் நெருக்கமாகத்தான் நிற்கும். மேலே சொன்ன துணி 24 கேஜில் ஓடும்.

30 டயா (சிலிண்டரின் விட்டம் 30 இன்ச்), 24 கேஜ் மெஷினில் ஊசிகள் 30 × 24 × 3.14, ஏறக்குறைய 2,260. ஊசி எண்ணிக்கையை வேலால் வகுத்தால் துணியின் அகலம் கிடைக்கும்: 2,260 ÷ 34, ஓப்பன் வித்தில் (வெட்டி விரித்தால்) சுமார் 66 இன்ச், டியூபுலரில் (வெட்டாமல் குழாயாகவே தட்டையாக வைத்தால்) 33 இன்ச். கட்டிங்குக்கு என்ன அகலம் வேண்டுமோ அதிலிருந்து இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு மெஷின் டயாவைத் தேர்ந்தெடுங்கள். 30 டயா மெஷினில் 30 இன்ச் துணி வரும் என்று நினைத்து மார்க்கர் (துணியில் பேட்டர்ன்களை அடுக்கும் வரைபடம்) போட்டால் கட்டிங் டேபிளில்தான் சங்கடம் தெரியும்.

புரோகிராமில் அமைப்பின் படம், கவுண்ட், லூப் லென்த், கேஜ், டயா, லைக்ரா இருந்தால் அதன் விவரம், முடிந்த துணியின் ஜி.எஸ்.எம். எல்லாம் எழுதுங்கள். கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் "ஃபினிஷ்" என்று தெளிவாகப் போடுங்கள்.

11. முதல் ரோலில் எதைப் பார்ப்பது

சாம்பிள் என்பது சாயம் போட்டு, காம்பாக்டிங் (துணியை நெருக்கிச் சுருக்கத்தைக் குறைக்கும் வேலை) முடித்த துணி. மெஷினிலிருந்து இறங்கும், இன்னும் சாயம் போடாத கிரே துணி பெரும்பாலும் அதைவிட எடை குறைவாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து, ஜி.எஸ்.எம். வரவில்லை என்று லூப்பை இறுக்கச் சொன்னால், ஃபினிஷிங் முடிந்து வரும்போது துணி கனமாகி, ஒரு கிலோவில் வரும் பீஸ் எண்ணிக்கை குறைந்து நஷ்டம்தான். எடை ஒவ்வொரு கட்டத்திலும் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு லூப்பில் இருக்கும் நூலின் நீளம் கிட்டத்தட்ட மாறாது. அதனால் கிரே ரோலில் 100 வேல் எண்ணி நூலை உருவி லூப் லென்த்தை அளங்கள், புரோகிராமோடு ஒத்துப்போனால் மெஷினைத் தொட வேண்டாம்.

ஃபினிஷிங் முடிந்து வந்ததும் 50 செ.மீ. சதுரம் அழியாத மையில் வரைந்து, துவைத்து, காயவைத்து, நீளத்திலும் அகலத்திலும் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். பல பையர்கள் 5 சதவீதம் வரை ஏற்பார்கள். அகலத்தில் மட்டும் அதிகம் சுருங்கினால், கேட்ட அகலம் கிடைக்க வேண்டுமென்று ஃபினிஷிங்கில் துணியை விரித்து இழுத்திருக்கிறார்கள். சிங்கிள் ஜெர்சி என்றால் அதே சதுரத்தில் வேல் சாய்ந்து ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். முறுக்கு அதிகமான சிங்கிள் நூலில் இது வரும், டி-ஷர்ட்டின் பக்கத் தையல் துவைத்த பிறகு வயிற்றுப் பக்கம் திரும்புவது இதனால்தான். சாய்வு கூடுதலாக இருந்தால் நூலை மாற்றுவதைப் பற்றி மொத்த ஆர்டரும் ஓடும் முன்பே பேசுங்கள், கட்டிங்குக்குப் போன துணியில் இதைச் சரிசெய்ய வழி இல்லை.